தம்பி குறித்த நாள்

"மச்சாள், அவர் நாள் குறிச்சிட்டார்" என்று ஜெயரூபி கனடாவிலிருந்து சொன்னபோது, அது ஆரணியின் சாமத்திய வீட்டுக்குக் குறித்த நாள் என்றுதான் கோகிலா நினைத்தாள். ஆரணி அவளுடைய தம்பி கஜதீபனின் ஒரே பிள்ளை. பதின்மூன்று வயது, பெரியபிள்ளையாகிச் சில மாதங்கள்தான். தகப்பன் கட்டிலோடு கிடக்கும்போது கொண்டாட்டம் என்ன கொண்டாட்டம் என்று ஒரு கணம் மனதில் ஓடியது. பிறகு, அந்தப் பிள்ளைக்கும் ஒரு நல்ல நாள் வேண்டும்தானே என்று சமாதானமாகி, "நல்லதாப் போச்சு ரூபி. எந்த ஹோல் எடுத்திருக்கிறியள்?" என்று கேட்டாள்.

மறுபக்கம் சத்தமில்லை. டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரில் தான் வேலைசெய்யும் வீட்டின் வாசலில், வேலை முடித்த களைப்போடு கோகிலா காருக்குள் இருந்தாள். ஒக்டோபர் மாதக் காற்று கடற்பக்கத்திலிருந்து வந்து காரை ஆட்டிக்கொண்டிருந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். அறவில்லை.

"ஹோல் இல்லை மச்சாள். வீட்டிலதான். டொக்டர் வீட்டை வருவா" என்றாள் ஜெயரூபி.

அதற்குப் பிறகும் கோகிலாவுக்கு விளங்க நேரமெடுத்தது. ஜெயரூபி அழாமல், ஒரு வகுப்பில் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். மாறாத நோய் வந்து, தாங்க முடியாத துன்பம் என்று ஒருவர் தானாகவே கேட்டால், அவர் சாவதற்கு வைத்தியர் உதவலாம் என்று கனடாவில் சட்டம் இருக்கிறது. கஜதீபன் கேட்டிருந்தான். இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே வந்து அவனோடு கதைத்து, அவன் சொல்வது அவனுடைய சொந்த முடிவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் வீடு குடிபுகுவதற்கும் மட்டும் தன் வாழ்நாளில் கேட்டிருந்த அந்தச் சொல்லை, கோகிலா காருக்குள் இருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். நாள் குறிச்சிட்டார். நாள் குறிச்சிட்டார்.

கோகிலா டென்மார்க்குக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. ஏற்கெனவே அகதியாக வந்து யூட்லாந்தில் குடியிருந்த நவரத்தினத்தைக் கட்டுவதற்காக வந்தவள். வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் நின்றாள். பிறகு மொழி படித்து, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவி, அங்கிருந்தவர்களின் தூண்டுதலில் பராமரிப்புப் படிப்பையும் முடித்தாள். இப்போது பல வருடங்களாக அவள் செய்வது வேறு மாதிரியான வேலை. தானாக மூச்சு விட முடியாத மனிதர்களோடு அவர்களுடைய வீட்டிலேயே இருப்பது. தொண்டையில் துளைத்த குழாயும் அதற்குப் பொருத்திய மூச்சு இயந்திரமுமாக அவர்கள் வாழ்வார்கள். சளி அடைத்தால் உறிஞ்சி எடுக்கவும், குழாய் கழன்றால் பொருத்தவும் பக்கத்தில் எந்நேரமும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைக் கொம்யூன் என்கிற நகரசபையும் அரசாங்கமும் கொடுக்கும்.

கஜதீபனும் முதலில் அக்காவைத் தேடித்தான் வந்தான். பதினெட்டு வயதில் வந்து, அவளுடைய முன்னறைச் சோபாவில் படுத்தெழும்பி, டெனிஷ் வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை டென்மார்க் ஏற்கவில்லை. மேல்முறையீட்டிலும் இல்லை என்றுதான் பதில் வந்தது. நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அவன் கதை அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எந்தெந்த வழியாலோ சுற்றி ரொறொன்ரோவில் போய் இறங்கினான். கனடா அவனை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கனடா என்ற பெயரில் கோகிலாவுக்கு ஒரு வாரப்பாடு. ஒலிம்பிக்கில் கனடாவும் டென்மார்க்கும் மோதினால் அவள் வாய் திறக்க மாட்டாள். எந்தப் பக்கம் என்று மகள் அபிதா சீண்டினால் சிரித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள். தான் இருக்கும் நாடு வேண்டாம் என்று தள்ளிய பிள்ளையை வா என்று எடுத்த நாடு அது.

ஸ்காபறோவில் கஜதீபன் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தான். ஜெயரூபியைக் கட்டினான். சனி ஞாயிறுகளில் தமிழ்க் கழகங்களின் கிரிக்கெட் போட்டிகளில் அம்பயராக நிற்பது அவனுக்குப் பெரிய காரியம். வெள்ளைத் தொப்பி போட்டு நிற்கும் படங்களை அக்காவுக்கு அனுப்புவான். வருத்தம் முதலில் தெரிந்ததும் அங்கேதான். ஒருவன் அடித்த பந்து எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. ஆறு ஓட்டம் என்று காட்ட இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். வலது கை உயர்ந்தது. இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. இதென்ன சைகை என்று இரண்டு பக்கமும் சண்டைக்கு வந்தார்களாம். அதை அவன் ஒரு பகிடியாகத்தான் அக்காவுக்குச் சொன்னான். கோகிலா சிரிக்கவில்லை. அவள் அப்போதே அந்த நோய் வந்த ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள்.

ஏ.எல்.எஸ். தசைகளை நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மூளை மட்டும் பழுதில்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்தில் கஜதீபன் கட்டிலோடு ஆனான். மூச்சுக்கு முகத்தில் மாஸ்க். அவர்கள் இருந்தது பதினோராம் மாடியில். அரசாங்க உதவியாகக் காலையில் கொஞ்ச நேரமும் பின்னேரம் கொஞ்ச நேரமும் ஒரு பெண் வருவாள்; லிஃப்ட் வேலைசெய்யாத நாட்களில் வரமாட்டாள். வந்தாலும் ஒருமுறை வந்தவள் மறுமுறை வருவதில்லை. பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டுக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவனுடைய பெயரும் எங்கோ கிடந்தது. ஜெயரூபி வேலையை விட்டாள்.

செய்தி கேட்ட அன்று பின்னேரமே கோகிலா தம்பியை வீடியோவில் பிடித்தாள். அங்கே மத்தியானம். அவன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு இரண்டு வசனம் கதைப்பான், பிறகு ஜெயரூபி மாஸ்க்கை வைப்பாள், காத்திருக்க வேண்டும். கோகிலாவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. உனக்கென்ன விசராடா என்றுதான் தொடங்கினாள். பிள்ளையை நினைத்தாயா, ரூபியை நினைத்தாயா, அம்மா உயிரோடு இருந்தால் இதைச் சொல்லுவாயா என்று ஒரே மூச்சில் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"இஞ்சை நான் பாக்கிற மனுசன் நாலு வருசமா இந்த வருத்தத்தோடதான் இருக்குது. தொண்டையில குழாய். ஒரு விரல் அசையாது. அந்தாள் இன்னும் ஃபுட்போல் மாட்ச்சுக்குப் போகுதடா" என்றாள்.

கஜதீபன் மாஸ்க்கை எடுக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினான்.

"அந்தாள் அங்கை இருக்குது அக்கா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோகிலா அதைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் இங்கே கொண்டுவந்துவிட்டால் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு அதே சிந்தனை. அபிதாவைப் பக்கத்தில் இருத்தி, கொம்யூனுக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் போன் எடுக்க வைத்தாள். கணவனைக் கூப்பிடலாம், மனைவியைக் கூப்பிடலாம், சின்னப் பிள்ளையைக் கூப்பிடலாம். கூடப்பிறந்தவன் சட்டத்தின் கண்ணில் குடும்பமில்லை என்றார்கள். அபிதா டெனிஷில் அதை மெதுவாகச் சொன்னாள். தமிழில் சொன்னால் அம்மாவுக்கு இன்னும் நோகும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒல்பேர்க்கில் ஒரு வழக்கறிஞர், ஓர்ஹூஸில் ஒருவர், கொல்டிங்கில் தமிழர்களுக்கு உதவி செய்யும் ஒரு பெண்மணி என்று கோகிலா அலைந்தாள். எல்லாரும் அவளுடைய கையைப் பிடித்து அனுப்பினார்கள். ஹேர்னிங் கோயிலுக்கும் ஒரு நாள் போனாள். பிள்ளையாருக்கு முன்னால் நின்றவளுக்கு, என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அவனைச் சாகவிடாதே என்று கேட்பதா, அவனுடைய துன்பத்தை எடுத்துவிடு என்று கேட்பதா? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. கேட்காமலே திரும்பி வந்தாள்.

நவரத்தினம் அதிகம் கதைக்காத மனுசன். அவர் ஒரு முறைதான் வாய் திறந்தார். பிளேனில் ஏற்றினாலும் நடுவழியிலே மூச்சு நின்றுவிடும், இதை விடும் என்றார். கோகிலா அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. டென்மார்க் இரண்டாம் முறையும் என்ரை தம்பியை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது என்று குசினிக்குள் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எஞ்சியிருந்தது பிரெபென் மட்டும்.

பிரெபென் அவள் பராமரிக்கும் மனிதர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபதைக் கடந்தவர், கோபக்காரர், உள்ளூர் உதைபந்தாட்டக் கழகம் தோற்றால் அடுத்த நாள் முழுக்க முகம் கொடுக்கமாட்டார். கண்ணால் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார். கணினி அதை வாசிக்கும். சொந்த வீட்டுக் கவலையை வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதலில் சொல்லித்தரும் பாடம். கோகிலா அதை ஒருநாளும் மீறியதில்லை. மகள் பிறந்தநாளைக்கூட அங்கே சொன்னதில்லை. ஆனால் நவம்பர் பிறந்துவிட்டது. ஒரு காலை நேரம், பிரெபெனின் மனைவி அன்னா கோப்பி போட்டுக்கொண்டு நிற்க, கோகிலா எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியோடு ஒருமுறை கதைக்க முடியுமா, இப்படியும் வாழலாம் என்று நீங்களே சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அன்னாவுக்கு விருப்பமில்லை. அவருக்கு இது பாரம் என்றாள். பிரெபெனின் கண்கள் திரையில் ஓடத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை, மாட்ச் முடிந்த பிறகு என்றது கணினி.

அந்த ஞாயிறு வரைக்கும் கோகிலா உயிரோடு இருந்தாள் என்று சொல்ல வேண்டும். சமைத்தாள், நவரத்தினத்தோடு கதைத்தாள், அபிதாவைக் கூப்பிட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். தான் சொன்னால் பாசத்தில் சொல்கிறாள் என்று தம்பி தள்ளிவிடலாம். அதேபோலக் கட்டிலில் கிடக்கும் ஒருவன் சொன்னால் தள்ள முடியாது. இதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

மடிக்கணினியைப் பிரெபெனின் கட்டிலுக்கு எதிரே வைத்தாள். திரையில் கஜதீபன், மாஸ்க்கோடு. பக்கத்தில் ஜெயரூபியின் கை மட்டும் தெரிந்தது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் குழாயைப் பார்த்தார், மற்றவர் மாஸ்க்கைப் பார்த்தார். ஆங்கிலத்தில் கதைத்தார்கள், ஒரு பக்கம் இயந்திரக் குரல், மற்றப் பக்கம் குழைந்த நாக்கு. குழாய் போட்டது நோகுமா என்று கஜதீபன் கேட்டான். முதல் கிழமை நோகும் என்றார் பிரெபென். சாப்பாட்டின் ருசி போய்விடுமா? போகும். எதற்காக இருக்கிறீர்கள்? பேரப்பிள்ளைக்காக, மாட்ச்சுக்காக, சில நாட்களில் ஏனென்று தெரியாமல். கோகிலாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. உண்மையாக இருந்தது, ஆனால் வாழ்வின் பக்கம் நின்றது.

பிறகு கஜதீபன் ஒரு கேள்வி கேட்டான். அதைக் கேட்க அவன் இரண்டு தரம் மூச்செடுக்க வேண்டியிருந்தது.

"உங்கட மனுசி நித்திரை கொள்ளுறவவோ?"

அதை ஆங்கிலத்தில்தான் கேட்டான். ஆனால் கோகிலாவின் காதில் அது தமிழாகவே விழுந்தது.

பிரெபென் எழுதத் தொடங்கினார். நீண்ட பதில். அன்னா குசினி வாசலில் நின்றாள்.

"அவள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள்" என்றது கணினி. "எனக்கு எட்டுப் பேர் முறைவைத்து வருகிறார்கள். அதனால்தான் குழாய்க்குச் சம்மதித்தேன். அன்னாவும் என் மகளும் மட்டும்தான் என்றிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன்."

கோகிலா மடிக்கணினிக்கும் கட்டிலுக்கும் நடுவே போய் நின்றாள். வேறு எதைச் சொன்னாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாதீர்கள் என்று டெனிஷில் பிரெபெனிடம் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அவன் கேட்டான், நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினார். பின்னால் கஜதீபன் அவருக்கு நன்றி சொன்னான். நிம்மதியான குரல். பல மாதங்களாக அவனிடம் இல்லாத குரல்.

அதற்குப் பிறகும் கோகிலாவின் வேலைநேரம் முடிய இன்னும் நேரமிருந்தது. அந்த அறையை விட்டு வெளியே போக அவளுக்கு அனுமதியில்லை. மாற்றுக்கு ஆள் வரும்வரை அவருடைய மூச்சு அவளுடைய பொறுப்பு. இந்த மனுசன் என் தம்பியைக் கொன்றுவிட்டான் என்று மனம் கொதிக்க, அவள் அவருடைய தொண்டைச் சளியை உறிஞ்சி எடுத்தாள். பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். உதடு காயாமல் ஈரத் துணியால் ஒற்றினாள். கை எதையும் பிழையாகச் செய்யவில்லை. அதுவும் அவளுக்குக் கோபமாக இருந்தது.

அன்று பின்னேரம் வீட்டிலிருந்து தம்பியை அழைத்தாள். இப்போது மன்றாடவில்லை. நான் வேலையை விட்டுப்போட்டு வந்து ஆறு மாதம் உன்னோடை நிக்கிறன், நாளை மாத்து என்றாள். வாங்கோ அக்கா, நாள் மாறாது என்றான் அவன். அப்படியென்றால் நான் வரமாட்டன், உன்ரை சாவுக்குச் சாட்சி நிக்க நான் வரமாட்டன், என்னைப் பாக்காமலே போ என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரிந்துதான் சொன்னாள். அவளிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை.

கஜதீபன் கண்ணால் காட்ட, மாஸ்க் கழன்றது.

"ஆரணி பள்ளிக்கூடத்தில நித்திரை கொள்ளுறாளாம்" என்றான். "ரீச்சர் கூப்பிட்டுக் கதைச்சவ. இரவிரவா மெஷின் கத்தேக்கை அவள்தான் எழும்பி வாறாள். ரூபி எழும்ப ஏலாமக் கிடக்கிறாள். அந்தப் பிள்ளை என்னைப் பாத்து ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை அக்கா. அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

கோகிலா போனை வைத்தாள். அடுத்த நாட்களில் அவள் அழைக்கவில்லை. அவனும் அழைக்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். பிரெபெனோடு தேவையான சொற்களை மட்டும் கதைத்தாள். தான் அழைக்காவிட்டால் அவன் பயந்து மாற்றுவான் என்று உள்ளே ஒரு எண்ணம் இருந்தது. சின்ன வயதில் அவள் கோபித்துக்கொண்டு கதைக்காமல் விட்டால் அவனால் ஒருநாள்கூடத் தாங்க முடியாது. அந்த நம்பிக்கையில் ஒவ்வொரு நாளையும் போகவிட்டாள். போகவிட்டது தம்பியுடைய நாட்களை என்பது நடுவில் ஒரு காலைநேரத்தில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அப்படியே குளியலறைத் தரையில் இருந்துவிட்டாள்.

நவரத்தினம் வந்து கதவடியில் நின்றார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தரையிலே தானும் இருந்தார்.

"இஞ்சேரும், அவன் உம்மட்டச் சம்மதம் கேக்கேல்லை" என்றார். "உம்மைத்தான் கேக்கிறான்."

அபிதா டிக்கெட் எடுத்தாள். பில்லுண்டிலிருந்து அம்ஸ்ரர்டாம், அங்கிருந்து ரொறொன்ரோ. கோகிலா போய் இறங்கியபோது அங்கே முதல் பனி கொட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம். லிஃப்ட் வேலைசெய்தது. கதவைத் திறந்த ஜெயரூபியைக் கோகிலாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, தோள் எலும்பு தள்ளி, நின்ற நிலையிலேயே தூங்கி விழப்போகிறவள்போல இருந்தாள். பின்னால் ஆரணி. தகப்பனின் அறையிலிருந்து ஒரு ஓசை கேட்க, பிள்ளை வரவேற்கும் சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

கோகிலா ஜாக்கெட்டைக் கழற்றிக் கையைக் கழுவினாள். பிறகு ஒருவரையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தான் எடுத்தாள். அவனுடைய இடுப்புக்கடியில் தலையணை வைக்கும் விதத்தை மாற்றினாள். மாஸ்க் அமத்திப் புண்ணான மூக்குத் தண்டில் மருந்து போட்டு, பட்டியை வேறு மாதிரிக் கட்டினாள். காலை மடக்கி நீட்டினாள். ஜெயரூபியைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். ஆரணியின் அறைக் கதவைச் சாத்தினாள். புதன்கிழமை பகல் பாதி போகும்வரை தாயும் பிள்ளையும் எழும்பவில்லை. வீடு முழுக்க நித்திரையால் நிறைந்திருந்தது. கஜதீபனும் நன்றாகத் தூங்கி எழும்பி, அக்காவைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவள் மாஸ்க்கை எடுத்தாள்.

"இப்பிடி எண்டால் இருக்கலாம் அக்கா" என்றான்.

அதைத்தானே கோகிலா கேட்க வந்தாள்.

"அப்ப இரு. நான் நிக்கிறன். நாளைக்கு வேண்டாம் எண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தானே."

"ஆறு மாதம் நிப்பியள். பிறகு?"

"விசா நீட்டலாமடா. கேட்டுப் பாக்கலாம். ஏதாவது வழி இருக்கும்."

"பிறகு ரூபி திரும்பவும் தனிய. அப்ப எனக்கு வேண்டாம் எண்டு சொல்லவும் வாய் இராது, வேணும் எண்டு சொல்லவும் வாய் இராது." மூச்சு முட்டியது. அவள் மாஸ்க்கை வைத்து, அவன் கண்ணால் கேட்டதும் திரும்ப எடுத்தாள். "வாய் இருக்கேக்கை போகவேணும் அக்கா. நீங்கள் வந்திட்டியள். எனக்குக் காணும்."

அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவனுக்குக் குழைத்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் கொடுத்தாள். அன்று பின்னேரம் அவனுடைய கிரிக்கெட் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். பழைய மாட்ச் ஒன்றில் அவன் கொடுத்த தீர்ப்பு சரியா பிழையா என்று ஒருவர் தொடங்க, நால்வரும் அதைப் பற்றியே கதைத்துவிட்டுப் பிரிந்தார்கள்.

வியாழன் காலையில் ஆரணி தகப்பனின் பக்கத்தில் கட்டிலில் ஏறிப் படுத்திருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பனிச் சப்பாத்தைக் கதவடியில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். அவசரப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, இந்த நிமிடத்திலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம், நான் எழும்பிப் போய்விடுவேன், யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள் என்றார்.

கோகிலா தம்பியின் காலடியில் நின்றாள். அவனுடைய இரண்டு பாதங்களையும் பிடித்திருந்தாள். அவளுடைய உடம்பு முழுக்க ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. நாவு புரளாத தம்பி அந்தக் கிழமை முழுவதிலும் சொன்ன சொற்களில் ஆகத் தெளிவான சொல் அதுதான். யெஸ் என்றான். ஜெயரூபி அவனுடைய தலையை மடியில் வைத்திருந்தாள். அதிக நேரம் எடுக்கவில்லை. கோகிலாவின் கைக்குள் பாதங்கள் நெடுநேரம் சூடாகவே இருந்தன. அவை குளிரும்வரை அவள் விடவில்லை.

செத்தவீடு, எட்டாம் நாள் சடங்கு எல்லாம் முடித்து டிசம்பர் நடுவில் அவள் பிரெடெரிசியாவுக்குத் திரும்பினாள். வேறு வீட்டுக்கு மாற்றித் தரலாம் என்று மேலதிகாரி சொன்னாள். கோகிலா யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். முதல் நாள் போனபோது அன்னா அவளைக் கட்டிப்பிடித்தாள். அவள் கட்டிலைச் சுற்றி நடக்கும் பக்கமெல்லாம் பிரெபெனின் கண்கள் கூடவே நடந்தன.

ஜெயரூபி ஞாயிறுகளில் அழைப்பாள். திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஆரணியைப் பற்றிச் சொல்லுவாள், பனியைப் பற்றிச் சொல்லுவாள். ஆரணி இப்போது நித்திரை கொள்கிறாளா என்று கேட்கக் கோகிலாவுக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொன்னாலும் அவளால் தாங்க முடியாது. ஓம் என்று சொன்னாலும் தாங்க முடியாது.

தை மாதத்தில் ஒரு பின்னேரம், பிரெபெனின் அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. டென்மார்க்கிலும் அப்படியொரு சட்டம் வேண்டுமா என்று நாலைந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து விவாதித்தார்கள். கனடாவைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். ஓம், கனடாவைப் பாருங்கள் என்று எதிர்ப்பக்கத்தவரும் சொன்னார். அன்னா பதறிப்போய் அணைக்க எழும்பினாள். விடு, நான் பார்க்க வேண்டும் என்றது கணினி. அன்னா கோகிலாவைப் பார்த்தாள். கோகிலாவால் அறையை விட்டுப் போக முடியாது. மாற்றுக்கு ஆள் வர நேரமிருந்தது.

பிரெபெனின் கண்கள் திரையில் எழுத்துகளைத் தேடின.

"நீ என்ன சொல்கிறாய், கோகிலா?"

எத்தனையோ சொல்லலாம். எட்டுப் பேர் வேண்டும் என்று சொல்லலாம். அந்த யெஸ்ஸைப் பற்றிச் சொல்லலாம். அவள் அவருடைய போர்வையை இழுத்துக் காலைச் சரியாக மூடினாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

கோகிலா கதிரையை மூச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்துகொண்டாள். தொலைக்காட்சியில் இருந்தவர்கள் தொடர்ந்து கதைத்தார்கள்.